கட்டுவதற்கு முன் காலைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, எங்களுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் எட்டு சிறுவிடைக் கோழிகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. பக்கத்துத் தோட்டக்காரர் சத்தம் போடுவதால் ஆறு மாதமாகக் கூண்டிலேயே அடைத்து வளர்க்கிறோம். அரிசியும் கம்பும் போடுகிறோம். முதல் முறையாக 30 முட்டை பிடிக்கும் சின்ன இன்குபேட்டர் வாங்கி அடை வைத்தோம். 22 குஞ்சுகள் பொரித்தன. அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து, பல்பு போட்டு விட்டேன். மறுநாள் காலையில் ஒரு குஞ்சு இரண்டு காலையும் பக்கத்துக்கு ஒன்றாக விரித்துக்கொண்டு வயிற்றில் கிடந்தது. நூலால் கட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. இன்னொரு குஞ்சுக்கு வலது கால் விரல்கள் உள்பக்கம் சுருண்டிருக்கின்றன, விரலை மடித்து ஊன்றியே நடக்கிறது. கடையில் கேட்டு ஒரு வைட்டமின் சொட்டு மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். மாமியார், "கால் விளங்காத குஞ்சு பிழைக்காது, வச்சு வதைக்காதே" என்கிறார். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் பெட்டியை விட்டு நகர மாட்டேன் என்கிறான். இவற்றைக் காப்பாற்ற முடியுமா?

– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதமும் வீடியோவும் வந்த அன்றே போனில் அவசரத்துக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அந்த நூலை உடனே அவிழ்க்கச் சொன்னது நினைவிருக்கும். இருந்தாலும் இங்கே விரிவாக எழுதுகிறேன். வீட்டில் இன்குபேட்டர் வைப்பவர்கள் கூடிவிட்டார்கள். குஞ்சு பொரித்த மறுநாள் காலையில் உங்களைப் போலவே கலங்கிப் போய் எழுதுகிறவர்களும் கூடிவிட்டார்கள்.

இரண்டு குஞ்சுகளையும் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. பொரித்த முதல் இரண்டு நாள் குஞ்சின் எலும்பும் தசைநாரும் முருங்கைக் கொழுந்து மாதிரி இளசாக இருக்கும், நாம் வைத்தபடி நிற்கும். நான்கைந்து நாள் போய்விட்டால் கோணிய இடத்திலேயே இறுகத் தொடங்கிவிடும். அதனால் "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது மட்டும் இதில் கூடாது.

ஆனால் அவசரம் என்பதற்காகக் கையில் கிடைத்ததை எடுத்துக் கட்டிவிடவும் கூடாது. கட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் காலைப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் எல்லாக் கால் கோளாறும் ஒன்று போலத்தான் தெரியும்: குஞ்சு நிற்காது, கால் ஒரு பக்கம் போய்க் கிடக்கும். நீங்கள் அனுப்பிய வீடியோவும் மேலிருந்து எடுத்ததுதான். அதை வைத்து என்னாலும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அதனால்தான் போனில் அத்தனை கேள்வி கேட்டேன்.

பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். கையைக் கழுவி, உள்ளங்கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குஞ்சின் உடம்பை இடது கைக்குள் மெதுவாகப் பொத்தி, இரண்டு கால்களும் கீழே தொங்கும்படி உங்கள் கண் மட்டத்துக்கு நேராக, அதன் முகம் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். இப்போது வலது கை விரல்களால் இரண்டு காலையும் உடம்புக்கு அடியில் கொண்டுவந்து பாருங்கள். தடையில்லாமல் வருகின்றனவா? விட்டதும் திரும்பப் பக்கத்துக்கு விலகுகின்றனவா? மூட்டில் வீக்கம் எதுவும் இல்லையா? அப்படியென்றால் அது வெறும் கால் விரிவு. தொடையை உள்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டிய தசைக்கு இன்னும் வலு வரவில்லை, அவ்வளவுதான். இதற்குத்தான் கட்டுப் போட வேண்டும்.

அடுத்து, பின்னோக்கி மடங்கும் மூட்டைப் பாருங்கள். நாம் எல்லோரும் அதை முட்டி என்கிறோம். உண்மையில் அது கோழியின் கணுக்கால். முட்டி அதற்கும் மேலே, தூவிக்குள் மறைந்திருக்கிறது. இந்தக் கணுக்காலின் பின்பக்கம் ஒரு பள்ளம் இருக்கும், அதில் ஒரு தசைநார் கயிறு மாதிரி ஓடும், பேச்சில் அதை நரம்பு என்போம். நாம் குதிகால் நரம்பு என்கிறோமே, கோழிக்கு அதுதான் இது. நல்ல காலில் விரல் நுனியால் தடவினால் நடுவில் அது தட்டுப்படும். அது பள்ளத்தைவிட்டுப் பக்கத்தில் நழுவியிருந்தால் மூட்டின் பின்பக்கம் தட்டையாகிவிடும், வீங்கும், சிவந்தோ பச்சை படிந்தோ இருக்கும். மூட்டுக்குக் கீழே உள்ள கால் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். தொட்டாலே குஞ்சு வலியில் கத்தும். இதை நரம்பு நழுவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினால் வலிதான் மிஞ்சும்.

கால்நடை மருத்துவம் படித்து முடித்து வேலைக்கு வந்த முதல் வருடம் நான் செய்த தவறு அது. ஒரு பெரியவர் கூடையில் கொண்டுவந்த குஞ்சை மேலாகப் பார்த்துவிட்டு, கால் விரிவுதான் என்று நினைத்துக் கட்டி அனுப்பினேன். மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தபோது மூட்டு புளியங்கொட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. அது நழுவிய நரம்பு. முதல் நாளே மூட்டைத் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தக் குஞ்சைக் காப்பாற்ற முடியவில்லை. அன்று முதல் மூட்டைத் தடவிப் பார்க்காமல் எந்தக் குஞ்சுக்கும் நான் கட்டுப் போடுவதில்லை.

மூன்றாவதாக விரல்கள். இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கோழியின் காலை மடக்கினால் விரல்கள் தானாகவே மூடிக்கொள்ளும். கிளையில் உட்கார்ந்து தூங்கும்போது விழாமல் இருக்க இயற்கை செய்து வைத்த ஏற்பாடு. அதனால் காலை மடக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தால் நல்ல குஞ்சின் விரல்கூட சுருண்டுதான் தெரியும். காலை நேராக நீட்டிப் பிடித்து, அப்போதும் விரல்கள் விரிகின்றனவா என்று பாருங்கள். உங்கள் இரண்டாவது குஞ்சுக்கு நீட்டினாலும் விரியவில்லை, ஆனால் விரலால் நிமிர்த்தினால் நிமிர்கிறது என்று போனில் சொன்னீர்கள். அது நல்ல அறிகுறி.

சரி, இப்போது கால் விரிந்த குஞ்சுக்கு வருவோம்.

நூல் ஏன் கூடாது என்று கேட்டீர்கள். நூல் மெல்லியது, குஞ்சின் கால் தோலும் மெல்லியது. அது உந்தி உந்தி நகரும்போது நூல் இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். ரப்பர் பேண்டும் அப்படித்தான். பெட்டிக்கடையில் கிடைக்கிற காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் இருக்கிறதே, அது போதும். அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டு ஒரு குஞ்சுக்குச் சரியாக இருக்கும். நடுவில் பஞ்சு வைத்த பகுதி இரண்டு கால்களுக்கும் இடையில் வர வேண்டும். ஒட்டும் முனை ஒன்றை ஒரு காலில், கணுக்காலுக்குக் கீழே, பாதத்துக்கு மேலே சுற்றி, பிளாஸ்டரின் மேலேயே ஒட்டுங்கள். அடுத்த முனையை மற்றக் காலில் அதே உயரத்தில் அதே மாதிரி. பார்ப்பதற்குக் கைவிலங்கு போல இருக்கும்.

இரண்டு காலுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி? பண்ணைக் குஞ்சுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் வரை விடலாம். சிறுவிடைக் குஞ்சு சின்னது, இரண்டு சென்டிமீட்டர் போதும். அளவுகோலைவிடக் கண்ணை நம்புங்கள். பக்கத்தில் நன்றாக நிற்கிற குஞ்சு எவ்வளவு அகலத்தில் கால் ஊன்றி நிற்கிறது என்று பார்த்து, அதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் அகலமாக விட்டால் சரியாக இருக்கும். ஒட்டி நெருக்கிக் கட்டினால் குஞ்சு நிலைதடுமாறி விழுந்துகொண்டே இருக்கும். ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஒட்டுவதுதான் சௌகரியம். உங்கள் மகனைப் பிடிக்கச் சொல்லலாம். அழுத்தக் கூடாது, முட்டையைப் பிடிப்பது போல் பிடிக்க வேண்டும் என்று சொன்னால் குழந்தைகளுக்குப் புரிந்துவிடும்.

கட்டிய உடனே அது நின்றுவிடாது. முதல் ஒரு மணி நேரம் நெஞ்சு தரையில் மோத முன்னால் விழும், இறக்கையை அடித்து எழப் பார்க்கும், பார்க்க நமக்குச் சங்கடமாக இருக்கும். அவிழ்த்துவிடாதீர்கள். ஒரு துவாலையைச் சுருட்டி வளையம் போல் வைத்து, நடுவில் குஞ்சை விட்டால் பக்கத்தில் சாய்ந்துகொண்டு நிற்கப் பழகும். மல்லாந்து விழுந்தால் மட்டும் உடனே நிமிர்த்திவிடுங்கள். கால் கட்டிய குஞ்சால் தானாகப் புரள முடியாது. இரவில் அதுதான் ஆபத்து, அதனால் தூங்கப் போகும்முன் அந்தத் துவாலை வளையத்தை நெருக்கமாக அமைத்துவிடுங்கள்.

கால் ரொம்பவும் விலகிப் போய், கட்டினாலும் வயிற்றில்தான் கிடக்கிறது என்றால் ஒரு டம்ளர் உதவும். அடியில் துணி வைத்த சின்ன டம்ளருக்குள் குஞ்சை நிற்க வைத்தால் கால் பக்கவாட்டில் போக இடமிருக்காது, உடம்புக்கு அடியில்தான் நிற்கும். இருபது நிமிடம், அரை மணி என்று ஒரு நாளில் நாலைந்து தடவை இப்படி வைக்கலாம். கூடவே ஆள் இருக்க வேண்டும், வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடக் கூடாது.

காலையும் மாலையும் கட்டைப் பாருங்கள். பாதம் வீங்கியோ, நீலம் பாய்ந்தோ, மற்றக் காலைவிடச் சில்லென்றோ இருந்தால் இறுக்கம் அதிகம், மாற்றிப் போடுங்கள். எச்சம் பட்டு நனைந்தாலும் மாற்ற வேண்டும். எடுக்கும்போது பிய்த்து இழுக்காமல், ஒரு சொட்டு நல்லெண்ணெயைத் தடவி ஊறவிட்டு உரித்தால் தோல் உரியாது. இரண்டாம் நாளே சில குஞ்சுகள் நடக்கத் தொடங்கிவிடும், பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். ஒருமுறை அவிழ்த்துப் பத்து நிமிடம் துவாலையில் நடக்கவிட்டுப் பாருங்கள். கால் திரும்ப விலகினால் இன்னொரு நாள் கட்டலாம்.

இந்த நாட்களில் தண்ணீர்தான் முக்கியம். பொரிக்கும் முன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு முதல் இரண்டு மூன்று நாள் குஞ்சுக்குச் சோறு போடும். அதனால் அது தீவனத்தைக் கொத்தவில்லை என்று முதல் நாளே பயப்பட வேண்டாம். தண்ணீருக்கு மட்டும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் அலகு நுனியைக் கொஞ்சம் முக்கி எடுங்கள். மூக்குத் துளை மூழ்கக் கூடாது. தண்ணீர் மூடியில் கூழாங்கல் போட்டு வையுங்கள், தடுமாறி விழும் குஞ்சு அரை அங்குலத் தண்ணீரில்கூட மூழ்கிவிடும். முதல் வாரம் பெட்டியில் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே போகலாம். பல்பை எப்போதும் பெட்டியின் ஒரு ஓரத்தில் போடுங்கள். நல்ல குஞ்சு சூடு தாங்காவிட்டால் தள்ளிப் போய்விடும். கால் கட்டிய குஞ்சு போக முடியாது, பல்புக்கு நேர் கீழே விட்டால் வெந்துவிடும். அதை நடுப்பகுதியில் வைத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா என்று கவனியுங்கள்.

மற்ற இருபது குஞ்சுகளோடு இதை விட வேண்டாம், மிதித்துவிடும், விரலைக் கொத்தும். அதற்காகத் தனியாகப் போட்டாலும் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கும். இருப்பதில் சாதுவான ஒன்றைத் துணைக்கு விடுங்கள். துணைக் குஞ்சு கொத்துவதைப் பார்த்துத்தான் இதுவும் கொத்தப் பழகும்.

இப்போது விரல் சுருண்ட குஞ்சு. இதற்கு ஒரு செருப்பு செய்ய வேண்டும். வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை கிடக்கும், அந்த அட்டையின் கனம்தான் சரியான கனம். விரல் நேராக இருக்கிற இன்னொரு குஞ்சை அதன்மேல் நிறுத்தி, பாதத்தைச் சுற்றி பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. விரல் நுனியைத் தாண்டி ஒரு நூல் அளவு கூட இருக்கட்டும். விரல் விரலாக வெட்ட வேண்டாம், எல்லா விரலையும் தாங்குகிற ஒரு சின்ன இலை போல வெட்டினால் போதும். குஞ்சின் பாதத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடம் நனைத்துத் துடைத்தால் விரல்கள் கொஞ்சம் தளரும். பிறகு அட்டையின்மேல் பாதத்தை வைத்து, ஒவ்வொரு விரலாக நிமிர்த்தி, மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப்பை மெல்லிய நாடாவாக வெட்டி ஒட்டுங்கள். முதலில் நடுவிரல், அப்புறம் இரண்டு பக்கமும், கடைசியில் பின்விரல். நகத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் விரல் நுனி திரும்பச் சுருளாது. வாத்து மாதிரி தத்தித் தத்தி ஒரு நாள் நடக்கும், பிறகு பழகிவிடும். ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்து, தேவைப்பட்டால் புதிதாகப் போடுங்கள். பொரித்த இரண்டு நாளுக்குள் போட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் விரல் நிமிர்ந்துவிடும்.

முட்டைக்குள் இடம் நெருக்கமாக இருந்தாலும், இன்குபேட்டர் சூடு ஏறி இறங்கினாலும் விரல் கோணலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. ஆறு மாதமாகக் கூண்டில், அரிசியும் கம்பும் என்று எழுதியிருந்தீர்கள். தாய்க்கோழிக்கு பி2 என்கிற ரைபோபிளேவின் சத்துக் குறைந்தால் அது முட்டைக்குப் போகாது, குஞ்சுக்கும் கிடைக்காது. சில கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். பொரித்து வருவதிலும் சிலவற்றுக்குத் தூவி முழுதாக விரியாமல் சுருண்டு முடிச்சு முடிச்சாக இருக்கும். பொரித்த பிறகும் பி2 கிடைக்காத குஞ்சுக்கு இரண்டாவது வாரத்துக்குள் விரல் உள்நோக்கிச் சுருண்டு, கணுக்காலை ஊன்றித் தவழும். அப்போதும் கண் துறுதுறுவென்று இருக்கும், பசி இருக்கும், நடக்கத்தான் முடியாது. தொடை வழியாகப் போகிற பெரிய நரம்பு (முன்பு சொன்ன தசைநார் இல்லை, உணர்ச்சி நரம்பு) வீங்கிவிடுவதுதான் காரணம். சீக்கிரம் கொடுத்தால் குணமாகும். நாள்பட்டால் நரம்பு கெட்டுப்போய்விடும், பிறகு எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை. அதனால் உங்கள் குஞ்சுக்குச் செருப்பும் வேண்டும், பி2-வும் வேண்டும்.

நீங்கள் வாங்கி வைத்திருக்கிற சொட்டு மருந்தின் லேபிளைப் படிக்கச் சொன்னேன். படித்துக் காட்டினீர்கள்: ஏ, டி3, ஈ, பி12. நல்ல மருந்துதான், ஆனால் அதில் பி2 இல்லை. விரல் சுருண்ட குஞ்சுக்கு அதை எத்தனை நாள் ஊற்றினாலும் இந்தக் குறை தீராது. கோழி மருந்து வாங்கும்போது கடைக்காரர் சொல்வதோடு விடாமல், ரைபோபிளேவின் என்ற பெயர் லேபிளில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். அது இல்லாத நேரத்தில் மனிதர்களுக்கான பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போதும். பட்டையில் ரைபோபிளேவின் 10 மில்லிகிராம் என்று போட்ட ஒன்றைப் பொடித்து, 100 மில்லி தண்ணீரில் நன்றாகக் கலக்குங்கள். 1 மில்லியில் 100 மைக்ரோகிராம் இருக்கும். ஒரு குஞ்சுக்கு ஒரு நாளைக்கு அந்த 1 மில்லி, இரண்டு நாள். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக, அது விழுங்க நேரம் கொடுத்து விடுங்கள். வாய்க்குள் பீய்ச்சினால் புரை ஏறிவிடும். கலக்கிய தண்ணீர் மஞ்சளாக இருக்கும், அந்த மஞ்சள் நிறமே ரைபோபிளேவின்தான். வெளிச்சம் பட்டால் சத்து அழிந்துவிடும், அதனால் ஜன்னலோரம் வைக்காமல் அலமாரியில் வைத்து, தினமும் புதிதாகக் கலக்குங்கள். மற்ற இருபது குஞ்சுகளும் அதே தாய்களின் முட்டையில் வந்தவைதானே, மிச்சத் தண்ணீரை அவற்றுக்கும் குடிக்க வையுங்கள்.

அப்புறம் கடையில் விற்கிற குஞ்சுத் தீவனமே போடுங்கள். அதில் இந்தச் சத்துகள் கணக்காகச் சேர்த்திருப்பார்கள். முட்டைக்கோழித் தீவனம் வீட்டில் இருந்தாலும் குஞ்சுக்கு வேண்டாம், அதில் உள்ள அத்தனை சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் ஆகாது.

தாய்க்கோழிகளுக்கும் செய்ய வேண்டியது இருக்கிறது. உங்கள் பக்கம் முருங்கைக்குப் பஞ்சமில்லை. தினமும் ஒரு கொத்து முருங்கைக்கீரையைக் கூண்டில் கட்டித் தொங்கவிடுங்கள். கொஞ்சம் மோர், கொஞ்சம் கருவாட்டுத் தூள், அரிசியோடு தவிடும் சேரட்டும். முருங்கையிலும் மோரிலும் பி2 இருக்கிறது. கணுக்கால் நரம்பு நழுவாமல் இருக்க வேண்டிய மாங்கனீசு தவிட்டில் நிறைய இருக்கிறது. மாலையில் ஒரு மணி நேரமாவது ஆள் கூட இருந்து வாசலில் மேயவிட முடிந்தால் பூச்சி பொறுக்கித் தின்னும், மற்றதை அவையே பார்த்துக்கொள்ளும். இப்படி இரண்டு வாரம் கொடுத்த பிறகு இடுகிற முட்டையை அடுத்த அடைக்கு எடுங்கள். அதற்கு முன் இட்டதைச் சமைத்துச் சாப்பிட்டுவிடலாம்.

கால் விரிவுக்கு வந்த காரணம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது: அந்தச் செய்தித்தாள். ஓட்டைவிட்டு வந்த ஈரக் குஞ்சு முதல்முறை எழுந்து நிற்கப் பார்க்கும்போது பாதத்துக்குப் பிடிமானம் வேண்டும். காகிதம் வழுக்கும், ஒவ்வொரு முறை எழும்போதும் கால் பக்கத்துக்கு ஒன்றாகப் போகும், அப்படியே பழகிவிடும். இன்குபேட்டரின் பிளாஸ்டிக் தட்டும் அதே மாதிரிதான். 18ஆம் நாள் முட்டையைத் திருப்புவதை நிறுத்துவீர்களே, அன்றைக்கே தட்டின்மேல் சொரசொரப்பான ரப்பர் வலை விரிப்பு ஒன்றைப் போட்டுவிடுங்கள். சமையலறை அலமாரிக்கு விற்கிறார்கள், வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். பெட்டியில் முதல் நாலைந்து நாள் பழைய துவாலை, அதன்பிறகு உமி. சாக்கு விரிப்பதாக இருந்தால் பிரிந்த நூல் இல்லாமல் பாருங்கள், விரலில் சுற்றிக்கொள்ளும்.

இங்கே உங்கள் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். அவர் காலத்தில் கூடையில் மணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பி, இடிக்குக் கரித்துண்டும் இரும்பும் போட்டு அடை வைத்திருப்பார்கள். மணலும் வைக்கோலும் பாதத்துக்குப் பிடி கொடுத்தன. தாய்க்கோழி தன் உடம்பால் அணைத்துக் குஞ்சின் காலை அதன் வயிற்றுக்கடியிலேயே நிற்க வைத்தது. தரையால் வருகிற கால் விரிவு அங்கே அபூர்வம். அப்படியும் கால் விளங்காமல் வந்த குஞ்சு பெரும்பாலும் உள்ளேயே கோளாறோடு வந்ததாக இருந்திருக்கும், பிழைத்திருக்காது. அவர் பார்த்தது உண்மைதான். இப்போது நம் பெட்டிக்குள் நடந்தது வேறு. அந்தக் கூடையை அவர் எப்படித் தயார் செய்தார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்கும் அது பயன்படும்.

19ஆம் நாள் நாலு மணி நேரம் கரண்ட் போனது என்று போனில் சொன்னீர்கள், ஒரு குஞ்சுக்கு ஓட்டை உரித்து உதவியதாகவும் சொன்னீர்கள். கரண்ட் போனால் துணி போர்த்தி மூடியே வையுங்கள், திறந்து திறந்து பார்க்க வேண்டாம். ஓட்டை மட்டும் உரிக்காதீர்கள். முதல் கீறல் விழுந்து முழுதாக வெளியே வர 12 மணியிலிருந்து ஒரு நாள் வரை ஆகும். அந்த நேரத்தில்தான் ஓட்டுச் சவ்வில் இருக்கிற ரத்தத்தையும் மஞ்சள் கருவையும் அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. காலை ஓட்டில் உதைத்து உதைத்து வெளியே வருவதும் அதற்கு வேண்டிய உழைப்புதான். கடைசி மூன்று நாள் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் இருந்தால் சவ்வு காயாது, உரிக்க வேண்டிய தேவையும் வராது. சூடு, விசிறி உள்ள மெஷினில் 37.5 டிகிரி.

நரம்பு நழுவிய குஞ்சு யாரிடமாவது இருந்தால்: அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள். காலை மெதுவாகப் பின்னால் நீட்டி, நரம்பைப் பள்ளத்துக்குள் தள்ளி, பிறகு மூட்டை மடக்கிக் கட்டுவோம். வலிக்கிற வேலை, கை பழகாதவர்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். முதல் நாளில் வந்தால் சில குஞ்சுகள் தப்பிக்கின்றன, வீங்கிய பிறகு வந்தால் கடினம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் நன்றாக நடந்த குஞ்சு, ஒரு வாரம் பத்து நாளில் நிற்க முடியாமல் தலை நடுங்க ஆரம்பித்தாலோ, கழுத்து முறுக்கிக்கொண்டாலோ, அடுத்தடுத்து இரண்டு மூன்று குஞ்சு விழுந்தாலோ அது கட்டுப் போடுகிற விஷயம் இல்லை. வெள்ளைக் கழிச்சல் உள்ளிட்ட தொற்றுநோயாக இருக்கலாம். தனியாகப் பிரித்துவிட்டு மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

காப்பாற்ற முடியாததும் உண்டு, அதையும் மறைக்க விரும்பவில்லை. தொடையிலேயே கால் முறுக்கிப் பாதம் பின்பக்கம் பார்ப்பது, இரண்டு காலிலும் நரம்பு நழுவியது, ஒரு வாரம் எல்லாம் செய்த பிறகும் எழாமல், தண்ணீரும் எடுக்காமல் மெலிந்துகொண்டே போவது, இவற்றை வைத்திருப்பது அந்தக் குஞ்சுக்குத்தான் கொடுமை. அந்த நிலையில் மருத்துவரிடம் கொண்டுவந்தால் வலியில்லாமல் முடித்துவைப்போம். அன்றைக்கு உங்கள் மாமியார் சொன்னதே சரியாக இருக்கும். உங்கள் மகனிடமும் இதை முன்கூட்டியே, மெதுவாக, உள்ளபடியே சொல்லி வையுங்கள். "எப்படியும் பிழைத்துவிடும்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம், "அஞ்சு நாள் பாடுபட்டுப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். மூன்று மணிக்கு ஒருமுறை தண்ணீர் காட்டுகிற வேலையில் மாலை முறையை அவனுக்கே கொடுக்கலாம், கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். பகலில் பள்ளிக்கூடம் போகட்டும், அந்த நேரத்துக்குப் பாட்டி பார்த்துக்கொள்வார்.

கால் விரிவு சரியான குஞ்சு வளர்ந்து மற்றக் கோழி போலவே இருக்கும், முட்டையும் இடும். விரல் கோணல் மட்டும் சில சமயம் பரம்பரையாக வரும். அடுத்த அடையிலும் அதே தாயின் குஞ்சுக்கு விரல் கோணினால் அந்தத் தாயின் முட்டையை அடைக்கு வைக்க வேண்டாம். இதற்காக இப்போதே முட்டையின் மேல் பென்சிலால் எந்தக் கோழி இட்டது என்று குறித்துவிடுங்கள்.

ஐந்தாம் நாள் கட்டை அவிழ்த்ததும் இன்னொரு வீடியோ அனுப்புங்கள். இந்த முறை மேலிருந்து வேண்டாம். போனைத் தரையில் வைத்து, குஞ்சு உங்களைப் பார்த்து நடந்து வருவதை எடுங்கள்.